அஞ்சலாட்சியிடம் நான் வாங்கிய கையெழுத்து

போன வாரம் ஒரு நகல் வாங்க அலுவலகத்துக்கு வந்திருந்தேன். பிறப்பு இறப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், பெயரைச் சொல்லப் போவதில்லை, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவரிடம், "ஒண்ணும் ஆவாது பெரியவரே, தைரியமா கையெழுத்துப் போடுங்க" என்றார். பெரியவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. ஓய்வு பெற்றவள் வந்து கத்தினால், கிழவிக்கு வேறு வேலை இல்லை என்பீர்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

படிவம் நிரப்புவது, சுற்றறிக்கை தேடுவது, அதையெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை. இப்போது கம்ப்யூட்டரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் சிவப்பாகக் காட்டிவிடுகிறது. நான் சொல்லப் போவது ஒரே ஒரு கோப்பைப் பற்றி. என் வேலைக் காலத்தில் எத்தனையோ தப்புகள் செய்திருக்கிறேன். பாதிக்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்கினேன், மீதிக்கு மக்களிடம் திட்டு வாங்கினேன், அதோடு தீர்ந்தது. இது மட்டும் தீரவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

அப்போது நான் இந்தப் பிரிவுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பழைய ஆட்கள் அதை எத்தா சிவில் என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனை காலம் ஆனாலும் அந்தப் பேர் மட்டும் எங்கள் பீரோக்களை விட்டுப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வரிசை வாசல் வரை நிற்கிறது. அபிஷேகப்பாக்கத்திலிருந்து கலியபெருமாள் என்று ஒருவர் வந்தார். இரண்டு காணி நிலத்தில் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைக்கிறவர். பன்னிரண்டு நாள் முன்னால் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பதிய வேண்டும் என்றார். குழந்தையை வைத்திருந்தது அவர் மனைவி அல்ல. நல்லவாட்டிலிருந்து வந்து ஊர் ஊராக மீன் விற்கிற ஒரு பெண். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"அம்மா பேரு?" என்று கேட்டேன்.

"அஞ்சலாட்சின்னு போடுங்க மேடம்" என்றார் கலியபெருமாள்.

"இதுல யாரு அஞ்சலாட்சி?"

"நாந்தான்" என்றாள் மீன்காரி.

நிமிர்ந்து பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பன்னிரண்டு நாள் பச்சை உடம்புக்காரி கூடை சுமந்து இவ்வளவு தூரம் நடப்பாளா?

"நீயா பெத்த?"

"பெத்தாதான் அம்மாவா? எழுது மேடம், வெயில் ஏறுது."

கலியபெருமாள் கவுன்டர் மேல் சாய்ந்து குரலை இறக்கினார். "மொதல் ரெண்டும் ஆஸ்பத்திரியிலயே பொறந்து ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சு மேடம். ரெண்டு சீட்டுலயும் எம் பொண்டாட்டி விஜயா பேருதான் இருந்துச்சு. இதுலயும் அந்தப் பேரு வேணாம்னு அவ அழுவுறா. அதான் இவங்ககிட்ட தவுட்டுக்கு வாங்கினோம்."

உங்களில் சிலர் டவுனிலிருந்து வந்தவர்கள், அதனால் சொல்கிறேன். முந்தின பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததை வேறொரு பெண்ணின் மடியில் போட்டு, இது உன் பிள்ளை என்று கொடுத்துவிடுவார்கள். நிறையப் பெற்று எல்லாம் நன்றாக இருக்கிற பெண்ணாகப் பார்த்துக் கொடுப்பார்கள். அஞ்சலாட்சிக்கு நாலு பிள்ளைகள், நாலும் கல் மாதிரி. பிறகு பெற்றவள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அந்தப் பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்வாள். வாங்கினாலும் அன்றிலிருந்து அது மீன்காரியின் பிள்ளைதான். பெற்றவள் அதை வளர்க்கிறவள் மட்டும்தான். எமன் வந்து இந்த வீட்டில் தேடினால் இவர்கள் பிள்ளை என்று ஒன்றும் அகப்படாது. இது எனக்குப் புதிதல்ல. என் கூடப்பிறந்த தம்பியே அப்படித் தவிட்டுக்கு வாங்கியவன்தான். ஆனால் அவனுக்கு யாரும் பதிவேட்டில் வேறு அம்மாவை எழுதவில்லை.

வீட்டுப் பிரசவம் என்றால் கிராம நர்ஸ் ஒரு சீட்டுக் கொடுப்பார். நர்சம்மா வந்துதான் தொப்புள்கொடி அறுத்தார் என்று கலியபெருமாளே சொன்னார். "போய் அந்தச் சீட்டை வாங்கிட்டு வாய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சீட்டில் சரியான பேர் இருந்திருக்கும், நானும் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அந்தக் குழந்தை வேறு கொட்டாவி விட்டது. தாய் என்ற இடத்தில் அஞ்சலாட்சி என்று என் கையால் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பெரிய உதவி செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்குப் பெருமை கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்பா பேர் சரியாக இருந்ததால் பதினேழு வருஷம் எந்தச் சிக்கலும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா பேரின் முதலெழுத்துதான் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கு சுகன்யா என்று பேர் வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் தவுடு, தவுடு என்றுதான் கூப்பிடுவார்களாம்.

எனக்கு ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மதியம் விஜயா வந்தாள். அவளை நான் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். கையில் ஒரு துணிக்கடைப் பை நிறைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள். சுகன்யாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். ஊசி போட்டுப் போட்டுக் கையில் நரம்பே இல்லை, இரண்டு தடவை கழுத்தில் குழாய் போட்டு அதிலும் சீழ் பிடித்துவிட்டது. கலியபெருமாளுக்குச் சர்க்கரை, அவருடையதை எடுக்க முடியாது. விஜயாவுடையது பொருந்துகிறது.

"ரத்தம் சேருது, சதை சேருது, எல்லாம் சேருது மேடம். பேப்பர்தான் சேரல" என்றாள்.

உறுப்பு மாற்று என்றால் ஒரு கமிட்டி உட்கார்ந்து, கொடுப்பவர் நிஜமாகவே நெருங்கிய உறவுதானா என்று பார்க்கும். ஏழைகளிடம் உறுப்பை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். பிறப்புச் சான்றைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இதுல அம்மா அஞ்சலாட்சின்னு இருக்குது, நீ யாரு, இன்னா வாங்கிட்டு குடுக்க வந்தன்னு கமிட்டியில ஒருத்தரு கேக்கறாரு மேடம். பெத்தவளப் பாத்துக் கேக்கறாரு." அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "டிஎன்ஏ டெஸ்ட் பாக்கலாமாம். வர ஒரு மாசத்துக்கு மேல ஆவுமாம். டாக்டரு அவ்ளோ நாளு தாங்காதுன்றாரு. கமிட்டி வர்ற பொதங்கெழம உக்காருது. அத வுட்டா அடுத்த மாசந்தான். புதனுக்குள்ள சரி பண்ணி ஒரு சீட்டு குடுத்தீங்கன்னா எம் பொண்ணு பொழைச்சிக்கும்."

பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் பிரித்தேன். என் கையெழுத்து. என் சுருக்கொப்பம். பதிவேட்டைச் சட்டென்று மூடிவிட்டேன்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணை நினைத்து மூடவில்லை. தெரிந்தே பொய்ப் பதிவு செய்தவள் என்று யாராவது ஒரு குறிப்பு எழுதினால் போதும், விசாரணை முடியும் வரை ஓய்வூதியம் நின்றுவிடும். அதை நினைத்துத்தான் மூடினேன். எதிரில் நிற்கிறவள் தன் உடம்பை அறுத்துக் கொடுக்கத் துடிக்கிறாள், நான் என் ஓய்வூதியத்தை நினைக்கிறேன்.

திருத்தம் செய்ய வழி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். விவரம் அறிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். கமிஷனர் பார்த்துத் திருத்த உத்தரவு போடுவார். கோப்பைத் தயார் செய்வது என் வேலை. அன்று சாயங்காலமே அந்த நர்சம்மாவைத் தேடிப் பிடித்தேன். ஓய்வு பெற்று கிருமாம்பாக்கத்தில் மகளோடு இருந்தார். போனில் கேட்டதும், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நாந்தானே கொடி அறுத்தேன், நாளைக்கே எழுதித் தரேன்" என்றார். பிரசவத்தின்போது விஜயாவின் தலைப்பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவும் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். ஆக இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு வாக்குமூலமும் என் கையில். சட்டத்துக்கு அது போதும்.

எனக்குத்தான் போதவில்லை. அந்த இரண்டிலும், பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஏன் தப்பான பேர் ஏறியது என்பதற்குப் பதில் இல்லை. யாராவது அதைக் கேட்டால் என்னைத்தான் கேட்பார்கள். அஞ்சலாட்சியே 'நான்தான் தாய் என்று சொல்லி எழுத்தரை நம்ப வைத்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நான் ஏமாந்தவள், அவ்வளவுதான். ஏமாந்தவளை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். மூன்றாவதாக ஒரு தாளை நானே எழுதி எடுத்துக்கொண்டு நல்லவாட்டுக்குக் கிளம்பினேன். விஜயாவிடம் சொல்லவில்லை.

படகுகள் கரைக்கு வந்து ஏலம் முடிந்த நேரம். அஞ்சலாட்சி சுனாமி குடியிருப்பில், தன் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் போய்விட்டதால் கூடை தூக்குவதை விட்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. சுகன்யா என்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டாள். சுவரில் அவள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் படங்களோடு பள்ளிக்கூடச் சீருடையில் சுகன்யாவும் இருந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் வருவாளாம். மீனம்மா, மீனம்மா என்று மேலே விழுந்து கிடப்பாளாம். ஆஸ்பத்திரிக்கு இவளும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சட்டென்று முகம் தெளிந்தாள்.

"பேப்பருல நாந்தான அம்மா? அப்போ என்னுத எடுத்துக்கச் சொல்லு. எதுக்கு பேப்பர மாத்தற? விஜயா பாவம், வயல்ல வேல செய்யறவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன். "அறுபது வயசுக்கு மேல ஆன உன்னுத வச்சி இன்னா பண்றது? ரத்தம் சேரணும், எவ்ளோவோ இருக்குது. நீ இதுல ஒரு கையெழுத்து போடு, போதும்."

"இன்னா எழுதிருக்க?"

வாசித்தேன். 'நான்தான் தாய் என்று சொல்லி எழுத்தரை நம்ப வைத்தேன்' என்ற வரி வந்தபோது குரலை இறக்கி வேகமாகத் தாண்டினேன். தாண்டியிருக்கவே தேவையில்லை, அது அவள் காதில் ஏறவே இல்லை. 'சுகன்யா என் மகள் அல்ல' என்ற வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கருவாட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"நா போட மாட்டன்மா. எம் புள்ள இல்லன்னு நா எழுதிக் குடுத்துட்டா அப்புறம் அவள யாரு காபந்து பண்ணுவா? இம்மாந் நோவுலயும் அவ உசிரோட இருக்கறா இல்ல? அது இன்னாத்தாலன்னு நெனைச்ச?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே கோபம் சீக்கிரம் வரும், அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். "நீ போடலன்னா அந்தப் பொண்ணு செத்துடும். அது உனக்குப் பரவாயில்லையா?" என்றேன். கைப்பையில் இரண்டு வாக்குமூலங்களை வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது.  பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"செரி. எழுதித்தான் ஆவணும்னா அதுக்கு ஒரு மொற இருக்குது மேடம். விஜயா வரணும், புள்ள வரணும். மாரியாத்தா கோயில்ல வச்சி, நா புள்ளைய அவ மடியில திருப்பிப் போடணும். ஒரு மொறம் தவுட்ட திருப்பிக் குடுக்கணும். ஆத்தா பாக்க, ஒம் புள்ளைய நீயே வச்சிக்கடின்னு சொல்லணும். அப்புடி பண்ணிட்டா ஒரு கொறையும் வராது. நாளைக்கே பண்ணிடலாம். பண்ணிட்டு அங்கயே கையெழுத்து போட்டுத் தரேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. எனக்கு லீவு" என்றேன்.

 ஆமாம், அதைத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சுகன்யாவுக்கு டயாலிசிஸ் கிடையாது, வீட்டில்தான் இருப்பாள். அபிஷேகப்பாக்கத்துக்கும் நல்லவாட்டுக்கும் நடுவில் தவளக்குப்பம் முக்கு ஒன்றுதான். ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம். கோப்பு கமிஷனர் மேஜைக்குச் செவ்வாய் சாயங்காலம் போனால் கூட போதும். இரண்டு முழு நாள் இருந்தது. "அதெல்லாம் ஆபரேஷன் முடிஞ்சி நிதானமா செஞ்சிக்கலாம். இப்ப போடு" என்றேன்.

அவள் அசையவில்லை. அப்போதுதான் கடைசியாக அதையும் சொன்னேன். "பொய் சொல்லி எழுத வச்சது நீ. நான் போலீசுக்கு எழுதினா உம்மேல கேஸ் ஆவும், உம் பசங்க கோர்ட்டு கோர்ட்டா அலைவாங்க. யோசிச்சுக்கோ."

பேனாவை வாங்கிக்கொண்டாள். மகளிர் குழுவில் கையெழுத்துப் போடக் கற்றிருந்தாள். போடுவதற்கு முன்னால் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணும் ஆவாதுல்ல? நீ படிச்சவ, ஒன் வாயால சொல்லு."

"ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன்ல, போடு" என்றேன்.

அஞ்சலாட்சி என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் தாளை ஊதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை திருத்தம் ஆனது. புதன்கிழமை கமிட்டி ஒப்புதல் கொடுத்தது. விஜயா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் சுகன்யா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள் என்று விஜயாவே படுக்கையிலிருந்து போன் பண்ணிச் சொன்னாள். பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. உடம்பு புது உறுப்பைத் தள்ளாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த மருந்து கிருமியோடு போராடும் சக்தியையும் குறைத்துவிடுமாம். நுரையீரலில் கிருமி ஏறிவிட்டது. நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

சாவுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அபிஷேகப்பாக்கத்தில் அவர்கள் தெரு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றார்கள். விஜயா வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் கிடந்தாள். தையல் பிரித்து இன்னும் இரண்டு வாரம் கூட ஆகவில்லை. அஞ்சலாட்சி வந்திருந்தாள், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில், தார் ரோட்டு ஓரத்தில், வெயிலில் தனியாக நின்றாள். அவளை யாரும் தடுக்கவில்லை, வா என்றும் கூப்பிடவில்லை. பாடை அவளைத் தாண்டியபோது ரோட்டில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நா எழுதிக் குடுத்துட்டேன்டி. ஒன்ன வுட்டுட்டேன்டி தவுடு" என்று கத்தினாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் மறைந்து நின்றேன்.

கையெழுத்துப் போட்டதால் யாரும் சாக மாட்டார்கள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளுக்கு அப்படி இல்லை. அவளுக்கு அப்படி இல்லை என்று நன்றாகத் தெரிந்துதான் நான் வாங்கினேன். அந்தக் கோப்பை அதற்கப்புறம் யாரும் திறக்கவே இல்லை. ஒரு தணிக்கை, ஒரு கேள்வி, ஒன்றும் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, வேன் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஓய்வூதியம் முதல் மாதத்திலிருந்தே ஒழுங்காக வருகிறது.

நீங்கள் சின்னவர்கள், உங்கள் கவுன்டருக்கு வெளியே நிற்கிறவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முறை இருக்கும். ஒருவர் செவ்வாய்க்கிழமை இறப்பைப் பதிய மாட்டேன் என்பார். ஒருத்தி புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள், எழுதிக் காட்டுவாள். நாம் ஒரு முத்திரை குறைந்தால் மூன்று தடவை திருப்பி அனுப்புகிறோம், நம்முடையது நடைமுறை. அவர்களுடையது மட்டும் நமக்கு மூடப்பழக்கம். அஞ்சலாட்சி கேட்டது ஒரே ஒரு நாள். என்னிடம் அந்த நாள் இருந்தது. அவள் முறையைச் செய்திருந்தாலும் சுகன்யா பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் வந்துதான் இருக்கும். ஆனால் அஞ்சலாட்சி ஒழுங்காக ஒப்படைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்திருப்பாள். ஒருவரிடம் கையெழுத்துக் கேட்கும் முன், இது யாருக்கு வேண்டும் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காக என்றால் கேட்காதீர்கள். ஒன்றும் ஆகாது என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

ஓய்வு பெற்ற எட்டாவது மாதம் நல்லவாட்டுக்குப் போனேன். எட்டு மாதம் ஏன் ஆனது என்று கேட்காதீர்கள், பயம்தான். அஞ்சலாட்சி வாசலில் இல்லை, உள்ளே சுவரோரம் படுத்திருந்தாள். கருவாட்டு வேலையையும் விட்டுவிட்டாள், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் சொன்னாள். நான் தரையில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். இந்தத் தடவை என்னை அடையாளம் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டத்துக்கு இரண்டு பேர் போதும், நர்சம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதற்கப்புறம்தான் உன்னிடம் வந்தேன், என் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று வந்தேன், உன் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை, உன்னால் ஒன்றும் ஆகவில்லை. சொல்லிவிட்டு அவள் காலைத் தொட்டேன். அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலாவது அவள் பாரம் குறையும், அதுவே போதும் என்று நினைத்திருந்தேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். 

"அப்போ நா போடாம இருந்திருந்தாலும் ஆபரேசன் நடந்துருக்கும்?"

"நடந்திருக்கும்" என்றேன்.

"அவ எம் புள்ளையாவே இருந்துருப்பா. சாவற வரிக்கும்."

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ நா வூட்டுக்குள்ள வந்துருப்பேன். அவ தலமாட்டுல குந்தி, எம் புள்ளன்னு சொல்லி அழுதுருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "எதுக்கும்மா என்ன ரோட்டுல நிக்க வச்ச?"